கோபால்ட் மாசூட்டிய துத்தநாக ஆக்சைடு நானோ துகள்: மாசு அணிக்கோவைக்குள் சென்றதற்கு எது சான்று?

நாகமலை மாணவி

அனைவருக்கும் வணக்கம். மதுரையில் முனைவர் பட்ட ஆய்வு செய்து வருகிறேன். துத்தநாக அசிட்டேட்டையும் கோபால்ட் நைட்ரேட்டையும் நீரில் கரைத்து, சோடியம் ஹைட்ராக்சைடு சேர்த்து இணைவீழ்படிவு முறையில் கோபால்ட் மாசூட்டிய (சிறிதளவு கோபால்ட் கலந்த) துத்தநாக ஆக்சைடு நானோ துகள்களைத் தயாரித்திருக்கிறேன். கோபால்ட்டின் அளவு 0, 1, 3, 5, 10 அணு விழுக்காடு. வீழ்படிவைக் கழுவி உலர்த்தி, மஃபிள் உலையில் 500 டிகிரி செல்சியஸில் சூடாக்கினேன்.

எக்ஸ்ஆர்டி (எக்ஸ் கதிர் விளிம்பு விலகல்) வரைபடத்தில் எல்லா மாதிரிகளுக்கும் துத்தநாக ஆக்சைடின் வுர்ட்சைட் படிக அமைப்புக்கு உரிய உச்சிகள் மட்டுமே தெரிகின்றன. 5 விழுக்காட்டு மாதிரியில் (101) உச்சி 0.06 டிகிரி உயர்கோணப் பக்கம் நகர்ந்துள்ளது. அதன் அரை உயர அகலம் 0.30 டிகிரியிலிருந்து 0.40 டிகிரியாகக் கூடியுள்ளது. ஷெரர் சமன்பாட்டின்படி படிகத்துகளின் அளவு 28 நானோமீட்டரிலிருந்து 21 நானோமீட்டராகக் குறைகிறது. ஒளி உறிஞ்சலைக் கொண்டு வரையும் டாக் வரைபடத்திலிருந்து எடுத்த ஆற்றல் இடைவெளியும் குறைகிறது. "வேற்றுக்கட்டம் (வேறு படிக அமைப்புள்ள பொருள்) எதுவும் இல்லை, கோபால்ட் அயனி அணிக்கோவையில் (படிகத்தில் அணுக்கள் அடுக்கப்பட்ட ஒழுங்கில்) துத்தநாக அயனியின் இடத்தைப் பிடித்துள்ளது" என்று இயலை எழுதி முடித்திருக்கிறேன். இதை ஆய்வேட்டில் சேர்க்கும் முன் அனுபவம் உள்ளவர்கள் பார்த்துக் கருத்துச் சொன்னால் உதவியாக இருக்கும்.

படிகப்பித்தன்

உங்கள் முடிவு உண்மையாக இருக்க நிறையவே வாய்ப்பு உள்ளது. ஆனால் நீங்கள் காட்டியிருக்கும் சான்றுகளில் ஒன்றுகூட அதை நிறுவவில்லை. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன், வருத்தப்பட வேண்டாம்.

முதலில் உச்சி நகர்வு. வுர்ட்சைட்டில் ஒவ்வொரு துத்தநாக அயனியையும் நான்கு ஆக்சிஜன்கள் நான்முகியாகச் சூழ்ந்திருக்கின்றன. இந்தச் சூழலில் துத்தநாக அயனியின் ஆரம் 0.60 ஆங்ஸ்ட்ராம், கோபால்ட்டின் ஆரம் 0.58 ஆங்ஸ்ட்ராம். வேறுபாடு 0.02 தான். துத்தநாகத்துக்கும் ஆக்சிஜனுக்கும் இடையே உள்ள பிணைப்பு நீளம் ஏறக்குறைய 1.98 ஆங்ஸ்ட்ராம் என்பதால், எல்லாத் துத்தநாகத்தையும் எடுத்துவிட்டுக் கோபால்ட்டை வைத்தாலும் பிணைப்பு ஒரு விழுக்காடு அளவுக்குத்தான் சுருங்கும். 5 விழுக்காடு மட்டும் மாற்றினால் சுருக்கம் 0.05 விழுக்காடு. இதைப் பிராக் விதியில் இட்டுப் பார்த்தால் (101) உச்சி நகர வேண்டிய அளவு 0.02 டிகிரியை ஒட்டி வருகிறது. நீங்கள் கண்டதோ அதைப் போல மூன்று மடங்கு. நகர்வு எதிர்பார்த்த திசையில் இருக்கிறது என்று மகிழ்வதற்கு முன், எதிர்பார்த்த அளவில் இருக்கிறதா என்று கேட்க வேண்டும்.

மிச்சம் எங்கிருந்து வந்திருக்கும்? மாதிரித் தட்டின் குழியில் பொடியை நிரப்பிக் கண்ணாடித் துண்டால் அழுத்திச் சமன்படுத்துகிறோம் அல்லவா? அந்தப் பரப்பு தட்டின் விளிம்பைவிட 0.1 மில்லிமீட்டர் மேலே நின்றால், 185 மில்லிமீட்டர் ஆரமுள்ள கோனியோமீட்டரில் (எக்ஸ்ஆர்டி கருவியின் கோணம் அளக்கும் பகுதியில்) உச்சி 0.06 டிகிரி உயர்கோணம் நோக்கி நகரும். உங்கள் நகர்வு முழுவதையும் பொடியின் உயரம் ஒன்றே விளக்கிவிடுகிறது பாருங்கள்.

இதைத் தவிர்ப்பதற்குச் சிறிதளவு தூய சிலிக்கான் பொடியை மாதிரியுடன் கலந்து எடுங்கள். அதன் (111) உச்சி 28.44 டிகிரியில் தனித்து நிற்கும். சிலிக்கானின் அடுத்த இரண்டு உச்சிகள் துத்தநாக ஆக்சைடின் உச்சிகளை ஒட்டி விழுவதால் அவற்றை நம்ப வேண்டாம். பிறகு ஓர் உச்சியை மட்டும் அளக்காமல், ரீட்வெல்ட் முறையில் முழு வரைபடத்தையும் பொருத்தி, தட்டு உயரப் பிழையையும் ஒரு மாறியாக விட்டு, அலகுக்கூட்டின் இரண்டு நீளங்களையும் பிழை அளவுடன் தாருங்கள். தூய துத்தநாக ஆக்சைடுக்கு அவை 3.25, 5.21 ஆங்ஸ்ட்ராம் அளவில் வர வேண்டும். ஃபுல்ப்ரோஃப், ஜிசாஸ் ஆகிய இரண்டு மென்பொருள்களும் இலவசமாகவே கிடைக்கின்றன.

மேலூர் வேதியியல்

படிகப்பித்தன் ஐயா சொன்னதோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். "வேற்றுக்கட்டம் எதுவும் இல்லை" என்ற வரி கோபால்ட் விஷயத்தில் மிகவும் ஆபத்தானது. கோபால்ட் தனியே பிரிந்தால், காற்றில் 500 டிகிரியில் அது மூன்று கோபால்ட்டும் நான்கு ஆக்சிஜனும் கொண்ட, ஸ்பைனல் என்னும் படிக அமைப்புடைய ஆக்சைடாகவே நிற்கும். அந்த ஸ்பைனலின் முதன்மை உச்சி 36.8 டிகிரியில் வருகிறது. உங்கள் துத்தநாக ஆக்சைடின் மிக வலிமையான (101) உச்சி 36.3 டிகிரியில் நிற்கிறது. ஸ்பைனலின் 31.3 டிகிரி உச்சியும் துத்தநாக ஆக்சைடின் 31.8 டிகிரி உச்சியின் காலடியில் மறைந்துகொள்ளும். திருடன் மாரியம்மன் தெப்பத் திருவிழாக் கூட்டத்துக்குள் நின்றால் எப்படிக் கண்டுபிடிப்பது? சிறிதளவு ஸ்பைனல், அதுவும் சில நானோமீட்டர் அளவில், அகன்ற உச்சியாக அங்கே இருந்தால் உங்கள் (101) உச்சி உயர்கோணப் பக்கம் சற்றுச் சாய்ந்தாற்போலவும் அகன்றாற்போலவும் தெரியும். நகர்வு, அகலம் ஆகிய இரண்டுக்குமே இதற்கும் பங்கு இருக்கலாம்.

துத்தநாக ஆக்சைடுக்கு உச்சியே இல்லாத மூன்று இடங்களில் தேடுங்கள்: 44.8, 59.4, 65.2 டிகிரி. வழக்கமான வேகத்தில் ஓட்டிய வரைபடத்தில் அவை இரைச்சலோடு கலந்து போகும். அந்தப் பகுதிகளை மட்டும், ஒரு படிக்குப் பல நொடிகள் நின்று எண்ணும்படி மெதுவாக எடுக்கச் சொல்லுங்கள். துத்தநாகமும் கோபால்ட்டும் சேர்ந்த ஸ்பைனலும் ஏறக்குறைய அதே இடங்களில் உச்சி தருவதால், எது என்று எக்ஸ்ஆர்டியால் மட்டும் சொல்லிவிட முடியாது. ஆயினும் ஏதோ ஒன்று இருக்கிறதா என்பது தெரிந்துவிடும்.

பொடியின் நிறம் என்னவென்று நீங்கள் எழுதவே இல்லையே?

நாகமலை மாணவி

மிக்க நன்றி ஐயா. 1 விழுக்காடு வெளிர்பச்சை, 3, 5 ஆகியவை நல்ல பச்சை. 10 விழுக்காடு கரும்பச்சை. கல்வத்தில் அரைக்கும்போது ஆங்காங்கே கறுப்புப் புள்ளிகள் தெரிந்தன. நிறத்தை ஆய்வேட்டில் எழுதுவது வழக்கமா என்று தெரியாததால் விட்டுவிட்டேன்.

மேலூர் வேதியியல்

உங்களிடம் இருப்பதிலேயே நல்ல சான்று அந்தப் பச்சைதான். 1780இல் ஸ்வீடன் நாட்டு வேதியியலர் ஸ்வென் ரின்மான் கண்டறிந்து, பின்னாளில் ஓவிய வண்ணமாகவும் பயன்பட்ட ரின்மான் பச்சை என்பது இதே பொருள்தான். துத்தநாக ஆக்சைடுக்குள் நான்முகிச் சூழலில் அமர்ந்த இருநேர்மின் கோபால்ட் அயனியின் டி எலக்ட்ரான்கள் ஒளியை உறிஞ்சுவதால் அந்த நிறம் வருகிறது. ஸ்பைனல் ஆக்சைடு கறுப்பு. நீரில் எண்முகிச் சூழலில் இருக்கும் கோபால்ட் இளஞ்சிவப்பு. ஆக, கோபால்ட் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதைப் பொடியே உங்களிடம் சொல்லிவிடுகிறது.

புற ஊதா, கண்ணுறு ஒளிப் பிரதிபலிப்பு நிறமாலையை நீங்கள் ஏற்கெனவே எடுத்திருப்பீர்கள். டாக் வரைபடத்துக்காக 400 நானோமீட்டருக்குக் கீழே உள்ள பகுதியை மட்டும் பார்த்துவிட்டு மிச்சத்தை ஒதுக்கியிருப்பீர்கள். அந்த மிச்சத்தைத் திறந்து பாருங்கள். 567, 611, 655 நானோமீட்டர் ஆகிய இடங்களை ஒட்டி மூன்று உறிஞ்சல் பட்டைகள் இருந்தால், அவை நான்முகிக் கோபால்ட்டுக்கு உரியவை. கோபால்ட்டின் அளவு கூடக்கூட அவை ஒழுங்காக வளர்கின்றனவா, 10 விழுக்காட்டில் தேங்கி நின்றுவிடுகின்றனவா என்பது அணிக்கோவைக்குள் எவ்வளவு போனது என்பதையும் ஓரளவு காட்டும். உச்சி நகர்வைவிட இந்தப் படத்தையே முன்னால் வைத்து இயலை எழுதுவேன் நான்.

செல்லூர்வாசி

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். தயாரிப்பு முறை பற்றிச் சில ஐயங்கள் எனக்கு உண்டு. 5 விழுக்காடு என்று நீங்கள் சொல்வது குடுவையில் போட்ட அளவா, பொடியில் இருக்கும் அளவா? இணைவீழ்படிவில் துத்தநாகம் முதலில் படியும். கோபால்ட் படிவதற்குச் சற்று உயர்ந்த பிஎச் வேண்டும். காரம் குறைந்தால் கோபால்ட்டில் ஒரு பகுதி வடிநீரோடு போய்விடும். காரம் மிகுந்தால் துத்தநாகம் ஜிங்கேட்டாக மீண்டும் கரையும். அப்போது விகிதம் எதிர்ப்பக்கம் மாறும். கழுவிய நீர் சற்றே இளஞ்சிவப்பாக இருந்தாலும் சந்தேகப்படுங்கள். நிறமற்று இருந்தாலும் ஒரு துளியை எடுத்து, அமிலமாக்கி, அம்மோனியம் தயோசயனேட்டும் அசிட்டோனும் சேர்த்துப் பாருங்கள். நீலம் வந்தால் கோபால்ட் வெளியேறியிருக்கிறது. முதுநிலை வகுப்பின் உப்புப் பகுப்பாய்வில் எல்லோரும் செய்த சோதனைதான். ஆய்வுக்கு வந்ததும் மறந்துவிடுகிறோம்.

கோபால்ட் நைட்ரேட் ஈரத்தை உறிஞ்சும் உப்பு. ஐப்பசி மழையில் திறந்த புட்டியிலிருந்து எடுத்து நிறுத்தால் நிறுத்த எடையில் நீரும் அடங்கும். கரைசலாகத் தயாரித்து, இடிடிஏ தரம்பார்த்தலில் செறிவைச் சரிபார்த்துவிட்டு, கன அளவில் அளந்து சேர்ப்பதே நல்லது. பொடியை அமிலத்தில் கரைத்து ஐசிபி (பிளாஸ்மா வழித் தனிமப் பகுப்பாய்வு) முறையில் ஒருமுறை அளந்துவிட்டால் விவாதத்துக்கே இடம் இராது. எடாக்ஸ் (எலக்ட்ரான் நுண்ணோக்கியோடு இணைந்த எக்ஸ் கதிர்ப் பகுப்பாய்வு) தரும் எண் நுண்ணோக்கியில் பார்த்த ஒரு சிறு பகுதிக்கு உரியது.

தூய மாதிரியும் மாசூட்டிய மாதிரிகளும் ஒரே நாளில் ஒரே உலையில் சேர்ந்து சூடானவையா என்பதையும் எழுதுங்கள். பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தப்படும் நாளில் உலை பாதியில் ஆறி, பிறகு மறுபடி ஏறும். அப்படி இருமுறை வெந்த ஒரு மாதிரியை மற்றதோடு ஒப்பிட்டுத் துகளளவு மாறியது கோபால்ட்டால்தான் என்று எழுதினால் அதற்குப் பொருள் இல்லை.

படிகப்பித்தன்

துகளளவு பற்றி நான் சொல்ல நினைத்ததற்கு செல்லூர்வாசி வழி திறந்துவிட்டார்.

அகலம் 0.40 டிகிரி என்றால் ஷெரர் சமன்பாடு 20.9 நானோமீட்டர் தருகிறது, கணக்குச் சரி. (இதையே ரேடியனுக்கு மாற்றாமல் போட்டு 0.36 நானோமீட்டர் என்று ஓர் அலகுக்கூட்டின் அளவையே துகளின் அளவாக அச்சிட்ட கட்டுரைகளும் உண்டு.) ஆனால் கருவியே தரும் அகலத்தைக் கழித்தீர்களா? கருவியின் பங்கு 0.10 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். உச்சி காஸியன் வடிவம் என்று எடுத்தால் தூய மாதிரி 29.6, மாசூட்டியது 21.6 நானோமீட்டர். லோரன்சியன் என்று எடுத்தால் அவையே 42, 28 நானோமீட்டர் ஆகின்றன. ஒரே தரவு, இரண்டு விடைகள். எந்த வடிவத்தை எடுத்தீர்கள், கருவி அகலத்தை எந்தத் தரப்பொருளால் அளந்தீர்கள் என்று எழுதாத துகளளவுக்குத் தசமப் புள்ளி எதற்கு?

அகலம் முழுவதையும் துகளளவின் கணக்கில் எழுதுவதும் சரியன்று. அணிக்கோவைத் திரிபுக்கும் அதில் பங்கு உண்டு. வில்லியம்சன், ஹால் இருவரும் 1953இல் தந்த வரைபடம் அதைப் பிரிக்க உதவும். ஆனால் அந்தக் கோடு கீழ்நோக்கிச் சரிந்தால் உடனே "அமுக்கத் திரிபு" என்று எழுதிவிடுகிறார்கள். படிகம் முழுவதும் ஒரே அளவில் அமுங்கினால் உச்சி நகரும், அகலாது. இடத்துக்கு இடம் திரிபு மாறினால்தான் அகலும். அந்த அகலத்துக்குக் குறி கிடையாது. சரிவு எதிர்க்குறியில் வந்தால், தரவு சிதறியிருக்கிறது, அல்லது துகள் எல்லாத் திசையிலும் ஒரே அளவில் இல்லை என்று பொருள். துத்தநாக ஆக்சைடு ஒரு திசையில் நீளும் பழக்கமுள்ள படிகம் என்பதால் இரண்டாவது காரணத்துக்கு வாய்ப்பு அதிகம்.

இதில் இன்னொரு முரணும் இருக்கிறது. மாசூட்டினால் துகள் சிறுக்கிறது என்பதை அணிக்கோவைக்குள் மாசு நுழைந்ததற்குச் சான்றாகப் பலரும் எழுதுகிறார்கள். படிகங்கள் சூட்டில் ஒன்றோடொன்று சேர்ந்து வளர்வதைத் தடுப்பதில், துகளின் பரப்பிலும் எல்லையிலும் குவிந்து நிற்கும் மாசு பெரும்பங்கு வகிக்கிறது. எனவே துகள் சிறுத்திருப்பது, கோபால்ட்டில் ஒரு பகுதி உள்ளே போகாமல் வெளியே நிற்கிறது என்பதற்கும் அறிகுறியாக இருக்கக்கூடும்.

ஆற்றல் இடைவெளி குறைந்ததற்கு என்ன காரணம் எழுதியிருக்கிறீர்கள்?

நாகமலை மாணவி

குவாண்டம் அடைப்பு விளைவு என்று எழுதியிருக்கிறேன் ஐயா. துகளளவு மாறுவதால் ஆற்றல் இடைவெளி மாறுகிறது என்று பல கட்டுரைகளில் பார்த்தேன்.

படிகப்பித்தன்

அதை எடுத்துவிடுங்கள். குவாண்டம் அடைப்பில் துகள் சிறுத்தால் இடைவெளி கூட வேண்டும், உங்களுக்குக் குறைகிறது. மேலும் துத்தநாக ஆக்சைடில் எக்சிட்டானின் (பிணைந்த எலக்ட்ரான்–துளை இணையின்) போர் ஆரம் 2.3 நானோமீட்டர் அளவு. 21 நானோமீட்டர் துகளுக்கு அந்த விளைவு எட்டாத தூரத்தில் இருக்கிறது. கோபால்ட்டின் டி எலக்ட்ரான்களுக்கும் பட்டை எலக்ட்ரான்களுக்கும் உள்ள பரிமாற்ற இடைவினை என்பது பொதுவாகச் சொல்லப்படும் காரணம். அதை எழுதும் முன், விளிம்புக்கு அருகே கோபால்ட் தரும் கூடுதல் உறிஞ்சல் உங்கள் நேர்கோட்டைச் சாய்த்துவிடவில்லை என்பதைக் காட்டுங்கள். டாக் கோட்டை எந்த ஆற்றல் எல்லைக்குள் வரைந்தீர்கள் என்பதைப் படத்திலேயே குறியுங்கள். பிரதிபலிப்பிலிருந்து உறிஞ்சலைக் கணிக்கும் குபெல்கா–மங்க் மாற்றம் செய்ததையும் எழுதுங்கள்.

பழங்காநத்தம் முருங்கை

நான் முருங்கை இலைச் சாற்றைக் கொண்டு பசுமை முறையில் தயாரிக்கிறேன். எனக்கும் இவை எல்லாம் பொருந்துமா?

செல்லூர்வாசி

பொருந்தும், உங்களுக்குக் கூடுதலாக ஒரு தலைவலியும் உண்டு. முருங்கை இலையில் கால்சியம், மெக்னீசியம், பொட்டாசியம் எல்லாம் நிறைய இருக்கின்றன. கரிமப் பொருள் எரிந்து போனாலும் சாம்பல் பொடியிலேயே தங்கும். நான்முகிச் சூழலில் மெக்னீசியத்தின் ஆரம் 0.57 ஆங்ஸ்ட்ராம், அது துத்தநாக ஆக்சைடுக்குள் எளிதில் நுழைந்து ஆற்றல் இடைவெளியைக் கூட்டும். ஆக நீங்கள் "தூயது" என்று பெயரிட்டு ஒப்பீட்டுக்கு வைத்திருக்கும் மாதிரியே மாசூட்டியதாக இருக்கலாம். சாறு சேர்க்காத மாதிரி ஒன்றையும் தயாரித்து, இரண்டிலும் மெக்னீசியத்தை அளந்து பாருங்கள்.

காந்தம் பார்த்தவன்

விஎஸ்எம் (அதிர்வு மாதிரிக் காந்தமானி) அளவீடு எடுக்கும் எண்ணம் இருக்கிறதா தங்கையே? கோபால்ட் மாசூட்டிய துத்தநாக ஆக்சைடு என்றாலே அடுத்த இயல் காந்தமாகத்தான் இருக்கும் என்பதால் முன்கூட்டியே எழுதுகிறேன்.

2000இல் டீட்டலும் உடன் ஆய்வாளர்களும் மாங்கனீசு மாசூட்டிய துத்தநாக ஆக்சைடு அறை வெப்பநிலையிலும் ஃபெர்ரோ காந்தமாக இருக்கக்கூடும் என்று கணித்தார்கள். அந்தக் கணிப்பு துளைகள் மிகுந்த பி வகைப் பொருளுக்கு உரியது; நம் உலையிலிருந்து வரும் துத்தநாக ஆக்சைடு இயல்பாகவே எலக்ட்ரான்கள் மிகுந்த என் வகை. இந்த வேறுபாட்டைக் கண்டுகொள்ளாமல் உலகம் முழுவதும் ஃபெர்ரோ காந்தத்துக்கு அடையாளமான ஹிஸ்டெரிசிஸ் கண்ணிகள் வெளிவந்தன. 2005இல் சி. என். ஆர். ராவும் தீபக்கும் கோபால்ட், மாங்கனீசு மாசூட்டிய துத்தநாக ஆக்சைடைக் கவனமாகத் தயாரித்து அளந்து, ஃபெர்ரோ காந்தம் இல்லை என்று காட்டினார்கள். மறு ஆண்டு சுந்தரேசனும் ராவும் சேர்ந்து, மாசே ஊட்டாத துத்தநாக ஆக்சைடு உள்ளிட்ட பல ஆக்சைடுகளின் நானோ துகள்கள் மிக மெல்லிய ஃபெர்ரோ காந்தத்தைக் காட்டுகின்றன என்றும், பருமனான நிலையில் அது மறைகிறது என்றும், பரப்பில் உள்ள ஆக்சிஜன் காலியிடங்களே காரணமாகலாம் என்றும் எழுதினார்கள். எனவே உங்கள் 0 விழுக்காட்டு மாதிரியை அளக்காமல் மற்றவற்றை மட்டும் அளப்பதில் பயனே இல்லை.

அளவு எவ்வளவு சிறியது என்பதையும் கவனியுங்கள். இரும்பின் தெவிட்டு காந்தமாக்கம் ஒரு கிராமுக்கு 218 இஎம்யு (காந்தத் திருப்புத்திறனின் அலகு). உங்கள் பொடி 0.001 இஎம்யு காட்டினால், அதை உண்டாக்கப் பத்து லட்சத்தில் ஐந்து பங்குக்கும் குறைவான இரும்பு போதும். எவர்சில்வர் ஸ்பேட்டுலாவால் உலைக்கிண்ணத்தின் அடியைச் சுரண்டினாலே அது வந்து சேரும். ஹாஃப்னியம் ஆக்சைடு படலத்தில் கண்ட காந்தத்தன்மை, படலத்தைப் பிடித்த எஃகு இடுக்கியிலிருந்து வந்தது என்று 2005இல் வெளியானதை நினைவில் வையுங்கள். பிளாஸ்டிக் கரண்டி, அகேட் கல்வம், பிளாஸ்டிக் இடுக்கி ஆகியவற்றைத் தொடக்கத்திலிருந்தே பயன்படுத்துங்கள். மாதிரித் தாங்கியை வெறுமையாகவும் ஒருமுறை அளந்து கழியுங்கள்.

ஸ்பைனல் ஆக்சைடு 40 கெல்வின் அளவுக்குக் கீழேதான் எதிர்ஃபெர்ரோ காந்தமாகிறது. அறை வெப்பநிலையில் அது உங்களுக்குக் கண்ணி எதையும் தராது. ஆகவே கண்ணி இல்லை என்பதை வைத்து ஸ்பைனலும் இல்லை என்று சொல்ல முடியாது.

நாகமலை மாணவி

எல்லோருக்கும் நன்றி. சொன்னவற்றில் இயன்றதைச் செய்துவிட்டு வந்திருக்கிறேன். பிரதிபலிப்பு நிறமாலையில் மூன்று பட்டைகளும் 1 விழுக்காட்டிலிருந்தே தெளிவாகத் தெரிகின்றன. 5 வரை வளர்ந்து, 10இல் ஏறக்குறைய 5இன் உயரத்திலேயே நிற்கின்றன. 10 விழுக்காட்டு மாதிரியின் மெதுவான எக்ஸ்ஆர்டியில் 59.4, 65.2 டிகிரிகளில் தாழ்ந்த அகன்ற மேடு தெரிகிறது. 5 வரை உள்ளவற்றில் அப்படி எதுவும் இல்லை. சிலிக்கான் கலந்து எடுத்தபோது 5 விழுக்காட்டின் நகர்வு 0.02 டிகிரிக்கு இறங்கிவிட்டது. பொருத்தலின் பிழையும் கிட்டத்தட்ட அதே அளவு. வடிநீர்ச் சோதனையில் நீலம் வரவில்லை. 10 விழுக்காட்டு மாதிரியை ஆய்வேட்டிலிருந்து நீக்கிவிடலாமா என்று நெறியாளர் கேட்கிறார்.

மேலூர் வேதியியல்

நீக்க வேண்டாம் அம்மா. உங்கள் தயாரிப்பு முறையில், 500 டிகிரியில், கோபால்ட் எந்த அளவு வரை உள்ளே போகும் என்ற எல்லையைக் காட்டுவது அந்த மாதிரி ஒன்றுதான். அது இருந்தால்தான் 5 விழுக்காட்டில் மேடு இல்லை என்று நீங்கள் சொல்வதற்கும் மதிப்பு வரும். இருக்கும்போது உங்கள் கருவிக்குத் தெரிகிறது என்பதை அது காட்டிவிடுகிறது. நேரம் கிடைத்தால் 5க்கும் 10க்கும் இடையே 7 விழுக்காட்டில் ஒன்று தயாரியுங்கள். நகர்வைப் பற்றி, "பிழை எல்லைக்குள் அடங்குகிறது" என்று ஒரே வரியில் எழுதிவிட்டு நிறமாலைக்குச் செல்லுங்கள். நெறியாளர் வற்புறுத்தினால் 10 விழுக்காட்டுக்கு ஆற்றல் இடைவெளி எண் மட்டும் தராமல் விடுங்கள். இரண்டு கட்டங்கள் கலந்த பொடிக்கு அந்த ஓர் எண்ணால் எதையும் சொல்ல முடியாது.